நட்டதுக்கெல்லாம் தீர்வை

போன ஞாயிறு பூசையில் இளம் சாமியார் ‘இறுதித் தீர்ப்பு’ பற்றி நன்றாகத்தான் பேசினார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி முழங்கையால் இடித்தாள். இந்த வயதில் கோயிலில் சிரிக்கிற தாத்தாவுக்கு நரகத்தில் எந்த இடம் என்று அவளுக்குக் கவலை வந்திருக்கும். சாமியாரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. எங்கள் காலத்தில் அதற்கு ‘நடுத்தீர்வை’ என்று பெயர். அதை நினைத்தாலே எனக்குச் சுருட்டு நாற்றம் வந்துவிடும்.

சுருட்டு சவரிமுத்துப் பெரியப்பாவுடையது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் கழனிக்கு அடுத்தது அவர் கழனி. அப்பா இறந்தபிறகு ஒவ்வொரு நடவுக்கும் வரப்பு கொஞ்சம் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. ஊரிலேயே அந்த ஒரு வரப்புக்குத்தான் கால் இருந்தது. கடைசியில் அப்பா வைத்த பூவரச மரமும் அவர் பக்கம் போய்விட்டது. அன்றைக்கு அம்மா சோறு தின்னவில்லை. மிச்சமிருந்த நிலத்தில் விளைந்தது எங்கள் இரண்டு வயிற்றுக்கே பற்றாது.

வழக்குப் போடலாம் என்றால், பிரெஞ்சுக்காரர்கள் அப்போதுதான் போயிருந்தார்கள். எங்கே போவது, என்ன சட்டம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

“எந்த சர்க்காரு வந்தா இன்னா, போனா இன்னா? மேல கீற கோர்ட்டு மாறாதுடா” என்பாள் அம்மா. சொல்லிவிட்டு உடனே தூங்கியும் போவாள்.

நானும் அப்போது பெரிய விசுவாசி. நூல் மில்லில் பாபின் மாற்றிக்கொண்டே நடுத்தீர்வை நாளைக் கற்பனை செய்வேன். பெரியப்பா இடப்பக்கம், நரகத்துக்குப் போகிற வெள்ளாடுகளோடு. ஆண்டவரின் வலப்பக்கத்தில் எனக்கு ஒரு பிரம்பு நாற்காலி. பெரியப்பா செய்ததில் ஏதாவது ஆண்டவருக்கு மறந்துபோனால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? இந்த நினைப்பில் நூல் அறுந்து மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

பெரியப்பாவும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். பிரசங்கம் தொடங்கியதும் சுருட்டுப் பிடிக்க வெளியே போய்விடுவார். ஒரு பிரசங்கத்தையாவது முழுதாகக் கேட்டதாக வரலாறு கிடையாது. ஒரு ஞாயிறு அப்போதிருந்த சாமியார் நடுத்தீர்வையைப் பற்றி முழங்கித் தீர்த்தார். பூசை முடிந்ததும் பெரியப்பா என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது.

“இன்னாடா, தீர்வை வருதாமே? மெய்யாலுமா?”

மனம் திரும்பிவிட்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“மெய்தான் பெரிப்பா. யாரும் தப்ப முடியாது.”

“எப்போ?”

“சொல்லாம கொள்ளாம வரும். அவங்கவங்க வச்சிருக்கிறத அளந்துடுவாரு.”

“அளக்க வேற போறானுங்களா!” என்றவர் அணைந்த சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். அறுப்பு முடிந்த கழனியில் பெரியப்பா மண்வெட்டியால் வரப்பை வெட்டி வெட்டி அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பூவரசு எங்கள் பக்கம் வந்திருந்தது. அம்மா அதனடியில் நின்றிருந்தாள்.

“இந்தாம்மா, உன் நெலம். புது சர்க்காரு நட்டதுக்கெல்லாம் தீர்வை போடுதாம். உன்னுத நீயே கட்டிக்க, என் தலையில போடாத!”

நிலவரிக்கும் அப்போது தீர்வை என்றுதான் பெயர். கோயிலுக்கு வெளியே நின்றவர் காதில் நடுத்தீர்வை, நட்ட நிலத்துக்குப் புது வரியாக விழுந்திருக்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். இடி இல்லை, நெருப்பு இல்லை, பிரம்பு நாற்காலியும் இல்லை. வேத விஷயத்தில் தப்பு நடந்தால் எனக்குப் பொறுக்காது. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாய மூட்ரா. அவருக்கு வெளங்குற பாஷையில ஆண்டவரு சொல்லிகிறாரு. நடுவுல நீ யாரு?”

பெரியப்பா போனதும் பூவரசைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பின்னால் சர்க்கார் ஆட்கள் நிஜமாகவே வந்து அளந்தார்கள். எங்களுடையது எங்கள் பேரிலேயே பதிவானது. இன்று அங்கே வீட்டு மனைகள். பூவரசு இல்லை, வரப்பு தார் ரோட்டுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. அது போகட்டும். நியாயம் கிடைக்காத நாட்களில் அம்மாவைப் போலவே மேலே இருக்கிற கோர்ட்டை நினைத்துக்கொண்டு நானும் நிம்மதியாகத் தூங்கத்தான் செய்கிறேன். ‘நடுத்தீர்வை’ என்ற சொல் போனதுதான் எனக்கு வருத்தம். ‘இறுதித் தீர்ப்பு’ சுத்தமான தமிழ், ஒலிபெருக்கியில் வாசல் தாண்டியும் தெளிவாகக் கேட்கிறது. கேட்டுவிட்டு ஒருவரும் மண்வெட்டியைத் தேடி ஓடுவதில்லை.