வெங்காயத் தாமரையும் ஸ்ரீரங்கத்து முப்பது நாளும்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாதம் இருந்தேன் என்று சொன்னால், "பெருமாளை நன்றாகச் சேவித்தாயா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முப்பது நாளில் ஒரு நாள் சேவித்தேன். மற்ற இருபத்தொன்பது நாளும் இடுப்பளவு சேற்றில் நின்றேன். கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மேட்டூர் அணை வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எனக்கு வயது பத்தொன்பது. கல்லூரிக்குக் கோடை விடுமுறை.

அரியலூரில் காலை ஆறரை மணிக்குப் பாசஞ்சர் வண்டி ஏறினேன். திருச்சி நாற்பத்து மூன்று மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் பன்னிரண்டு அணா. வழியில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வந்தும் இறங்க முடியவில்லை. வாய்க்காலில் செடி எடுக்கும் தொண்டர் முகாமில் சேருகிறவர்கள் முதலில் திருச்சியில் காலரா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று முகாமிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தது. போட்டுக்கொண்டேன். காந்தி மார்க்கெட்டில் முகாமுக்காக நாலு கட்டுக் கயிறு வாங்கிக்கொண்டு ஜட்கா பிடித்தேன். வீங்கிய கை, மடியில் கயிறு, சித்திரை வெயில். காவேரிப் பாலம் தாண்டும்போது ஆற்றில் மணல்தான் ஓடிற்று.

அம்மா மண்டபத்துக்கு அருகே வண்டி ஒரு வாய்க்காலைக் கடந்தது. அங்கேதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். கரைக்குக் கரை பச்சை. பச்சைக்கு மேல் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. அடடா, இவ்வளவு அழகையா பிடுங்கப்போகிறோம் என்று இருந்தது.

"இது என்ன பூங்க?" என்று ஜட்காக்காரரைக் கேட்டேன்.

"வெங்காயத் தாமரை. தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். பூ நல்லாத்தான் இருக்கு, குதிரைதான் திங்க மாட்டேங்குது" என்றார்.

முகாம் ஒரு பழைய சத்திரத்தில். நாங்கள் பதினாலு பேர். தலைவர் நடேசன் என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவரை எல்லோரும் காப்டன் என்று கூப்பிட்டோம். வேலை இதுதான்: அணையிலிருந்து தண்ணீர் விடுவதற்குள் மூன்று மைல் வாய்க்காலிலும் ஒரு செடி இல்லாமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாது. போன வருஷம் எட்டவில்லை.

இரண்டாம் நாளே எங்களில் ஒருவனுக்கு வயிற்றுக்கடுப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன், ஊருக்குத் திரும்பினான். அவன் கையில், ஈரத்துணியில் சுற்றி, ஒரு செடியைக் கொடுத்தனுப்பினேன். என் தங்கை செல்லத்துக்குப் பன்னிரண்டு வயது, பூவென்றால் உயிர். கொல்லைத் தொட்டியில் போட்டு வைக்கட்டும் என்று நினைத்தேன். வாய்க்கால் அடைத்துக்கொண்டது செடி ஏராளமாக இருப்பதால் அல்லவா, ஒன்று என்ன செய்துவிடும்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் காப்டன் ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். அதன் பக்கத்தில் கொடிபோல் ஒன்று நீண்டு, நுனியில் குட்டிச் செடி ஒன்று இருந்தது. "அம்மாவை எடுத்துட்டுக் குட்டியை விட்டீங்கன்னா எடுத்தும் பிரயோஜனமில்லை. பதினஞ்சு நாள்ல ஒண்ணு பத்தாகும். ஒரு வேரைக்கூட விடக்கூடாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடனே வீட்டுக்கு எழுதியிருக்க வேண்டும். தொட்டிதானே, தொட்டியைத் தாண்டி எங்கே போகும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முகாம் வாழ்க்கையைக் கேட்டால் என்ன சொல்ல? நாலரைக்கு மணி. ஐந்துக்குக் கஞ்சி. ஐந்தரைக்கு நீரில் இறக்கம். துறட்டியால் இழுப்பது, கூடையில் அள்ளுவது, கரையேறிக் கொட்டுவது, மறுபடி இறங்குவது. நனைந்த செடி கனம் கனம் என்று கனக்கும். காலில் அட்டை, கையில் கொப்புளம், உடம்பெல்லாம் அரிப்பு. பகல் சாப்பாட்டில் கத்தரிக்காய். மறுநாளும் அதே கத்தரிக்காய். எட்டாம் நாள் கோடை மழை கொட்டி, கரையில் குவித்திருந்ததில் பாதி வாய்க்காலுக்குள்ளேயே சரிந்துவிட்டது. சரிந்ததை முதலிலிருந்து அள்ளினோம். அதற்கப்புறம் ஒவ்வொரு கூடையையும் முந்நூறு கெஜம் சுமந்துபோய் மேட்டில் காயப்போட்டுக் கொளுத்தினோம்.

தினமும் பெரியண்ணன் என்று ஒரு குடியானவர் வந்து கரையில் குந்தியிருப்பார். அவர் நிலம் கடைமடை. "இன்னிக்கு எதுவரைக்குமுங்க?" என்பார். சொல்வோம். தலையாட்டிவிட்டுப் போவார். அவர் வரும் நாளெல்லாம் கொஞ்சம் வேகமாக இழுத்தேன்.

பதினேழாம் நாள் உத்திர வீதியிலிருந்து வேதவல்லி மாமி என்று ஒரு அம்மாள், காவேரியில் ஊற்றுத் தோண்டிக் குளித்துவிட்டு வந்தவர், குடத்தில் ஒரு செடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் பாய்ந்துபோய் மறித்தேன்.

"ஏண்டா அம்பி, பிடுங்கி எரிக்கத்தானே போறேள்? ஒண்ணை எங்காத்துத் தொட்டியில போட்டுக்கறேன். தாமரைன்னு பேர் இருக்கோன்னோ, தாயார் இருக்கற பூவாச்சே!"

"பேர்தான் மாமி தாமரை. இது ஊரையே அழிக்கிற பூண்டு. உங்களைப்போல் ஆளுக்கொன்று எடுத்துப் போனதால்தான் நாங்கள் இங்கே கிடந்து சாகிறோம்."

இன்னும் என்னென்னவோ பேசினேன். பதினேழு நாள் களைப்பும் அவர் தலையில் இறங்கிற்று. மாமியின் முகம் சுண்டிப்போயிற்று. செடியை எடுத்துக் கரையில் போட்டார்.

"ஒரு பூ கேட்டதுக்கு இவ்வளவு கோபமா? போறது. உங்க ஊர்ல யாரும் இதை வெச்சுக்கலையாக்கும்?"

"எங்கள் ஊரில் விடமாட்டோம்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் செல்லத்தின் கடிதம் வந்தது. "அண்ணாவுக்கு நமஸ்காரம். நீ அனுப்பிய செடி பெருகி, தொட்டியில் இடம் போதவில்லை. தினம் பூக்கிறது. நல்ல தண்ணீர்க் குளத்தில் விட்டால் ஊரே பார்க்கும் என்று அப்பா சொன்னார். படித்துறைப் பக்கம் விட்டேன். எல்லோரும் உன்னைத்தான் மெச்சுகிறார்கள்."

படித்துவிட்டு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஆறு கிடையாது, கிணறெல்லாம் உப்பு. குடிக்கிறதும் சமைக்கிறதும் அந்த ஒரு குளத்துத் தண்ணீர்தான். காப்டனிடம் லீவு கேட்டால் ஏன் என்பார். சொல்ல வேண்டும். மாமியை நான் விரட்டியது முகாமுக்கே தெரியும். அதற்குள் நாங்கள் பதினொரு பேராகத் தேய்ந்திருந்தோம். பெரியண்ணன் வயலுக்கு இன்னும் ஒரு மைல் பாக்கி. இதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வெட்கம். "உடனே வேரோடு பிடுங்கிக் கொளுத்து" என்று கார்டு போட்டேன். ஏனென்று எழுதவில்லை, தபால்காரர் படிப்பாரே!

இருபத்தாறாம் நாள் பதில். "அண்ணா, பூத்த செடியைக் கொளுத்த யாருக்கு மனசு வரும்? விளையாட்டுக்கு எழுதினாய் என்று அப்பா சிரித்தார். நீ வந்து பார்."

அப்புறம் இருந்த நாலு நாளும் தூக்கம் பிடிக்கவில்லை. துறட்டியை வீசும் ஒவ்வொரு வீச்சுக்கும் எங்கள் குளத்தில் ஒன்று கூடுகிறது என்றே தோன்றிற்று. ஒரு வேரை விடவில்லை நான். பிறர் விட்டதைக்கூடத் தேடித் தேடி எடுத்தேன்.

முப்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகும், பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். பெரியண்ணன் அதோடு கூடவே கரையில் நடந்துபோனார், மத்தியானம் திரும்பி வந்தார். "எட்டிருச்சுங்க" என்றார். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தம்பி ஒரு வேர் விடலீங்க" என்றார். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு உறைத்திருக்காது.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வரை காப்டன் துணைக்கு வந்தார். பிளாட்பாரத்தில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"அனுப்பி எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தெட்டுங்க."

"குளத்துலயா?"

"ஆமாங்க."

"அப்ப நீ வீட்டுக்குப் போகலேப்பா. முகாம் மாறுது, அவ்வளவுதான்" என்றார். நான் வண்டி ஏறியதும் தம் கையிலிருந்த துறட்டியை ஜன்னல் வழியாக நீட்டினார். "மாமிக்கு நான் சொல்லிடறேன். அவங்க கேக்கத்தான் செஞ்சாங்க, நீ அனுப்பியே வெச்சுட்டே."

இரவை அரியலூர் ஸ்டேஷன் பெஞ்சில் கழித்தேன். விடிந்ததும் எங்கள் ஊர் வண்டிக்காரர் காத்தான் வந்து நின்றார். மாட்டின் கொம்பில் ஊதாப் பூக்கொத்து ஒன்று கட்டியிருந்தது.

"உங்க வூட்டுப் பூதான் தம்பி! எம் மாட்டைப் பாக்காதவங்களே இல்லை" என்று சிரித்தார்.

நாலு மைலும் அந்தக் கொம்புப் பூவையே பார்த்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போகாமல் குளக்கரையில் இறங்கிக்கொண்டேன். படித்துறையை ஒட்டி மூன்று பாய் விரித்த அளவுக்குப் பச்சை. அதன் மேல் பூ. சட்டையைக் கழற்றிப்போட்டுத் துறட்டியோடு இறங்கினேன். தண்ணீர் எடுக்க வந்திருந்த செல்லம் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவள் தலையிலும் அந்தப் பூ.

"அண்ணா, என்ன பண்றே? ஐயோ, பிடுங்காதே!"

பிடுங்கிக்கொண்டே சொன்னேன். வாய்க்கால், மழையில் சரிந்த குவியல், பெரியண்ணன், மாமி, என் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் தலையிலிருந்த பூவை எடுத்துக் கரையில் வைத்துவிட்டுப் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"வேரோடயா அண்ணா?"

"வேரோட. குட்டியையும் சேர்த்து."

காத்தான் வண்டியை அவிழ்க்காமல் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கொம்பிலிருந்த பூவைக் கழற்றினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. எந்தங்கச்சி ஆசைப்பட்டுதுன்னு போன வாரம் அது ஊருக்கு ரெண்டு செடி கொண்டுபோய்க் குடுத்தேன்."

நான் நிமிர்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எத்தனை மைல்?"

"ஆறு மைல் இருக்கும்."

"அங்கே தொட்டியிலா போட்டார்கள்?"

"தொட்டி ஏது தம்பி அது வூட்ல? ஏரியிலதான் வுட்டுச்சு. பெரிய ஏரிங்க."