சிமெண்ட் கெட்டில்பெல்லும் என் துணைவியாரின் முழங்காலும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புற மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. தலையைத் தொடர்ந்து ஒரு கம்பும் எழும்பியது.

"சார், அசையாதீக! எங்கன கிடக்கு? நல்லதா, சாரையா?"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் வங்கி அதிகாரி அவர். எங்கள் கொல்லையிலிருந்து 'உஸ்... உஸ்...' என்ற சீறலைக் கேட்டு, ஆபத்துக்கு உதவ ஓடிவந்திருக்கிறார். பரோபகாரி. ஆனால் அவர் கண்டது பாம்பை அன்று. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெறும் பனியனோடு, கைப்பிடி வைத்த ஒரு சிமெண்ட் உருண்டையை இரு கைகளாலும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்த என்னை!

சீறியது நானேதான்.

கல்லூரியில் பல்லாண்டுக் காலம் பொருளாதாரம் போதித்தவன் நான். இஸ்திரி போடாத சட்டையோடு தெருவாசலுக்குக்கூட வந்தறியாதவன். அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றி இராமநாதபுரம் கடைவீதியில் என்னென்ன கதை உலவும் என்பது எனக்குத் தெரியாதா? வதந்தி முந்திக்கொள்ளும் முன் உண்மையை நானே எழுதிவிடுவது மேல் அல்லவா?

ஆகவே எழுதுகிறேன்.

கெட்டில்பெல் என்பது, கைப்பிடி பொருத்திய இரும்புக் குண்டு. மூக்கு உடைந்த கெட்டில் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைக் கால்களுக்கிடையே பின்னோக்கி விட்டு, இடுப்பின் விசையால் நெஞ்சு உயரத்துக்கு வீசுவது 'ஸ்விங்' எனப்படும் பயிற்சி. வீசும்போது மூச்சைப் பல்லிடுக்கில் சட்டென்று வெளியேற்ற வேண்டும். அதுவே அந்தச் சீறல். இளைஞர்கள் ஜிம்மில் செய்வது. எழுபதைக் கடந்தவனுக்கு அது எதற்கு?

காரணம், என் துணைவியார் வள்ளிமயிலின் வலது முழங்கால்.

சில ஆண்டுகளாகவே அது தேய்ந்துவந்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்று மதுரை மருத்துவர் சொல்லிவிட்டார். நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் ஒரு காலைப் பொழுது, துணி துவைக்கும் கல்லருகே வள்ளிமயில் சறுக்கி அமர்ந்துவிட்டார். நல்லவேளை, அடி ஏதுமில்லை. ஆனால் எழ முடியவில்லை.

நான் குனிந்தேன். அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்க முயன்றேன். முதுகில் ஏதோ ஒன்று 'சுளுக்' என்றது. அடுத்த கணம் நானும் தரையில்!

இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். பால் ஊற்றும் ராக்கு வந்து சேர்ந்தாள்.

"என்னங்கய்யா... காலங்காத்தால ரெண்டு பேரும் தாயம் ஆடுறீகளா?"

"ஆடத்தான் செய்றோம் ராக்கு. காய எடுத்து வைக்க ஆளில்ல. நீ வந்து தூக்கு" என்றார் வள்ளிமயில்.

ராக்கு முதலில் அவரைத் தூக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். எனக்கு உதவி தேவையில்லை என்பதைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வெறப்பா இருக்காதீக அய்யா. கையக் குடுங்க."

கொடுத்தேன். உச்சிவேளைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவியிருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது, அன்று மாலை வள்ளிமயில் சொன்ன சொல்.

"ஆபரேஷன் வேணாங்க."

"ஏன்?"

"முடிச்சு வீட்டுக்கு வந்தா, கொஞ்ச நாளைக்கு ஒக்கார, எந்திரிக்க எல்லாத்துக்கும் ஒரு ஆள் தாங்கிப் பிடிக்கணுமாம். மகளால பெங்களூர்ல வேலைய விட்டுட்டு வர முடியாது. வேத்தாள் கையில ஒடம்பக் குடுக்க எனக்கு மனசு ஒப்பல. உங்களால... இன்னைக்கித்தான் பாத்தோம்ல? விடுங்க. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

இப்படியே என்றால்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அடுப்படிக்குப் போவது. ஊர்த் திருமணங்களுக்கு மொய்க் கவரை மட்டும் அனுப்பிவைப்பது. இராமேசுவரத்தில் கடற்கரையோரமாக நடக்க அவ்வளவு ஆசைப்படும் பெண்மணி, காருக்குள்ளேயே அமர்ந்து கடலைப் பார்த்துத் திரும்புவது. என்னுடைய முதுகு உதவாது என்பதற்காக அவருடைய கால் போக வேண்டுமா? எத்தனையோ கமிட்டிகளில் எதிர்வாதம் பேசிய நான், அன்று முதுகில் தைலம் தடவிக்கொண்டே பதிலைத் தேடினேன்.

பதிலோடு வந்தவர் சீனி முகம்மது.

பெரியபட்டினத்துக்காரர், என் கல்லூரித் தோழர். பல்லாண்டு சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பி, ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் சீமையில் இரு சமயத்தாரும் மாமன் மச்சான் முறை வைத்தே பேசிக்கொள்வோம். முறை இருக்குமிடத்தில் கேலிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையில் ஒரு துளியையும் சீனி வீணாக்குவதில்லை.

"மச்சான், ஒனக்கு முதுகுல நோவு இல்லடா. ஒன் இடுப்பு தூங்குது. நாக்காலில உக்காந்து உக்காந்து அதத் தாலாட்டித் தூங்க வச்சிருக்க. எழுப்பு."

"எப்படி?"

அங்கேயே, என் கூடத்தில், கையில் ஒன்றுமில்லாமல் ஸ்விங் செய்து காட்டினார். தொப்பையும் கூடவே ஸ்விங் ஆயிற்று. சிரிக்கத் தோன்றியது, ஆனால் கேட்டுக்கொண்டேன். கம்பெனி ஜிம்மில் கற்றுக்கொண்டாராம். அவருடைய முதுகுவலி போன வழி அதுவாம்.

எடுத்தவுடன் நான் துள்ளிவிடவில்லை. முதுகுப் பிடிப்பு முற்றிலும் தீர்ந்த பிறகு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முறையாகக் கேட்டேன். குறைந்த எடையில் தொடங்கலாம். வலி வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்றார். வாசகர்களும் கேட்காமல் தொடங்கிவிட வேண்டாம்.

கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கடைக்காரர் என் பழைய மாணவர். அவர் என்னைப் பார்த்து, 'பேரனுக்கா சார்?' என்று கேட்க, நான் என்ன சொல்வது? எனவே வீட்டுத் தயாரிப்பு என்று முடிவாயிற்று.

காலியான எண்ணெய் கேன் ஒன்று இருந்தது, கைப்பிடியோடு. உள்ளே நிரப்ப மணல் வேண்டும். மணல் அள்ளப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். தென்னைக்குப் போடுவதற்காக வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து வரவழைத்த உப்பு மூட்டை கொட்டகையில் கிடந்தது. எடைக்கு எடைதானே! உப்பை நிரப்பினேன்.

கடற்காற்றில் உப்பு கசியும் என்பது இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆயினும் நிரப்பினேன். சில நாள்களில் கேனின் கழுத்தெல்லாம் ஈரம், மூடி வழுக்கிற்று. ஒரு நாள் வீசிய வேகத்தில் மூடி ஒரு பக்கம் பறக்க, உப்பு வானில் வில் போல எழுந்து, துணிக்கொடி, துளசி மாடம், என் தலை என்று பாரபட்சமின்றிப் பொழிந்தது.

கொல்லை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த வள்ளிமயில், நிதானமாகச் சொன்னார்:

"பரவால்லங்க... வீட்டுக்கே திருஷ்டி சுத்துனாப்ல ஆச்சு. மிச்சத்த அடுப்புல போட்டுருவமா?"

அத்தோடு முடிந்ததா? வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருந்தேன் என்பதை வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். கால்களுக்கிடையே போன கேன், திரும்பி வரும்போது வேட்டியையும் அழைத்துக்கொண்டு வந்தது. மேற்கொண்டு விவரிப்பதற்கில்லை.

"ஒரு டிராக் பேண்ட்டு வாங்கித் தொலையேன்டா" என்றார் சீனி.

"அதற்கு வேறு ஆளைப் பார்."

தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். பேண்ட் செய்யும் வேலையை அது கௌரவமாகச் செய்கிறது.

கேனுக்கு மாற்றாக, பாம்பனிலிருந்து சீனி ஒன்றைச் செய்வித்துக் கொண்டுவந்தார். அங்கே வலையைக் கடலடியில் நிறுத்துவதற்குச் சிமெண்டில் எடைக்கல் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் பந்தின் மேல்பகுதியை வெட்டி, கம்பியை வளைத்து உள்ளே இறக்கி, கலவை ஊற்றி, நன்றாக இறுகும்வரை நீரில் ஊறவைத்து, பந்தை உரித்து எடுத்திருந்தார்கள். கை வழுக்காதிருக்கக் கம்பியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கம்பி கல்லுக்குள் ஆழமாகப் பதிந்து, நுனி அகல விரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடி உங்களிடமும் கல் அடுத்த வீட்டிலும் இருக்கும். எதிரே ஆளோ கண்ணாடி ஜன்னலோ இல்லாத இடத்தில் நின்றே வீச வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல் வந்தது. எனக்கு ஸ்விங் வரவில்லை. கையால் தூக்கினேன், தோள் வலித்தது.

"மச்சான், கடற்கரையில நின்னு கரவலை இழுக்குறவன பாத்துருக்கேல்ல? கையாலயா இழுக்குறான்? கயித்த இடுப்புல மாட்டிக்கிட்டுல பின்னால சாயுறான்! ஒன் கை வெறும் கயிறு. இடுப்புதான் ஆளு."

அது விளங்கிற்று. முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் பின்னே தள்ளி மடங்குவது. பிட்டத்தை இறுக்கிச் சட்டென்று நிமிர்வது. கல் தானாக மிதந்து எழும். கை அதற்கு வழித்துணை மட்டுமே. புரிந்தவுடன் பத்து வீச்சுக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அடுத்த நாள் தொடையின் பின்புறம், பெயரே தெரியாத தசைகளெல்லாம் தாங்கள் இருப்பதை அறிவித்தன.

மாதங்கள் செல்லச் செல்ல மாற்றங்கள் தெரிந்தன. கல்லை விடாமல் பிடித்துப் பிடித்துக் கையில் இறுக்கம் வந்தது. மாடிப்படி ஏறி, மேலே போய் மூச்சிரைக்க நின்று வெயிலைப் பழிப்பது குறைந்தது. படுத்தால் உறக்கம் வந்தது. கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்க ஆளைக் கூப்பிடும் வழக்கம் அற்றுப்போனது. முதுகு தாங்க வேண்டிய பாரத்தை இடுப்பு வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் இதிலுள்ள தத்துவம்.

ஆனால் நான் கல் தூக்கியது கல்லுக்காகவா?

ஒரு நாள் வள்ளிமயிலிடம், "மதுரைக்கு நாள் கேட்கட்டுமா?" என்றேன்.

அவர் அடுப்படியிலிருந்த குட்டையான முக்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்து மெல்ல அதில் அமர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூக்குங்க, பாப்போம்."

எதிரே நின்றேன். இடுப்பைப் பின்னே தள்ளி மடங்கினேன். முதுகு நேர். "தோளைப் பிடித்துக்கொள்" என்றேன். மூச்சை விட்டபடி நிமிர்ந்தேன். எழுந்துவிட்டார்! முதுகு முனகவில்லை.

மறுபடியும் அமர்ந்தார்.

"இன்னொருக்கா. இது குருட்டு அதிர்ஷ்டமா இருந்துறக் கூடாதுல்ல?"

இரண்டாம் முறையும் எழுந்தார். முகம் நிமிர்த்தாமல் என் பனியனைப் பார்த்தபடியே, "எப்பப் போறோம்?" என்றார்.

போனோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய முதல் நாள் மகள் வந்திருந்தாள். மறுநாளே அவள் கிளம்பியாக வேண்டும். கட்டிலின் ஓரத்தில் வள்ளிமயில் அமர்ந்திருந்தார். முழங்காலில் கனத்த கட்டு; எதிரே வாக்கர். மகள் முன்னே வந்தாள். அவர் தலையசைத்துத் தடுத்துவிட்டார்.

"நீ தள்ளும்மா. நாளைக்கி நீயா இருக்கப் போற? அப்பா வரட்டும்."

மடங்கினேன். அவர் என் தோள்களை இறுகப் பற்றினார்.

"பயமா இருக்குங்க. விழுந்துருவேன்."

"விழமாட்டாய்."

"நிச்சயமாவா?"

வகுப்பில் எத்தனையோ முறை 'நிச்சயமாக' என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக உழைத்துவிட்டுச் சொன்னது அன்றுதான். மெல்ல நிமிர்ந்தேன். அவருடைய பாரம் முழுவதும் என் மேல் சாய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது தரைக்கு இறங்கிற்று. நின்றார். வாக்கரைப் பற்றினார். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தார்.

இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறார். ராக்குவிடம் நின்று பேசுகிறார். நாற்காலியிலிருந்து எழும்போது நான் பழக்கதோஷத்தில் கை நீட்டினால், "வேணாங்க, நானே எந்திரிப்பேன்" என்கிறார். அதைக் கேட்க மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. சற்றே ஏமாற்றமாகவும் இருக்கிறது. சீனிக்கும் பாம்பன் சிமெண்டுக்கும் நன்றி சொல்லிவிட்டேன். என்னை நம்பித் தன் பாரத்தை என் மேல் சாய்த்தவருக்கு எப்படிச் சொல்வது?

மரியாதை வந்துசேரச் சேர, மனிதர்கள் நம்மிடமிருந்து ஓரடி தள்ளியே நிற்கிறார்கள். அந்தத் தூரத்தையே பெருமை என்று நெடுங்காலம் எண்ணிவிட்டேன்.

என் வாழ்நாளில், என்னைக் கண்டு எழுந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவர் ஒருவர்தான்.