மாமா கழற்றிய கதவு

சித்தியின் கல்யாணத்துக்குப் பெயர் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பிய சனிக்கிழமை காலையில்தான் மாமா கார் கொட்டகைக் கதவில் கைவைத்தார். கார் உள்ளே இருந்தது. நாங்கள் வெளியே நின்றோம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். ராஜபாளையத்தில் பஞ்சு ஆலை முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டினார். முதலாளி வெளியூர் போகும்போது, அன்றைக்கு மட்டும் காரை நாங்கள் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக் கொட்டகைக் கதவு ஊரில் உள்ள கதவுகள் போல விரியத் திறக்காது, அப்படியே மேலே ஏறும். இரு பக்கமும் கம்பிக் கயிறு கப்பியில் ஓடும், அதன் நுனியில் இரும்பு எடை தொங்கும். ஒரு பக்கத்துக் கயிறு இழை பிரிந்து போயிருந்தது. உலகச் சண்டை நடந்த காலம், கம்பிக் கயிறு கிடைப்பதே பெரும்பாடு. எப்படியோ வாங்கிய புதுக் கயிறு கொட்டகைக்கு வெளியே வெகுநாளாகச் சுருண்டு கிடந்தது. மாமாவுக்கு ஞானோதயம் அன்றைக்குத்தான் வந்தது.

எங்கள் சபையில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்த பிறகுதான் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தபசு நாட்கள் பிறந்துவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கல்யாணமே கிடையாது. லெந்து பிறக்க மூன்றே ஞாயிறுதான் பாக்கி. ஆகவே மறுநாளே முதல் ஓலையை வாசித்தாக வேண்டும். அதற்குப் பெண் நேரில் போய்ப் போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அவரோ மத்தியானம் மதுரைக்குக் கிளம்புகிறார். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் மரக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். அவருடைய மூத்த மகனுக்குச் சித்தியின் வயது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பெண் பார்க்க வந்தபோது ஒரு டின் பிஸ்கட் கொண்டுவந்தார்.

அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருமுனை வரை நடப்பதுமாக இருந்தார்.

“ஏலே, இன்னும் எம்புட்டு நேரம்?”

“செத்த நேரம் அத்தான். கயித்த மாட்டுனதும் கிளம்பிரலாம்.”

இதைக் கேட்டால் அப்பா உட்காருவார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவார். வண்டியாவது பிடிக்கலாமே என்றாள் அம்மா. கார் போகிற நேரத்தில் மாட்டுவண்டி பாதி தூரம் போகாது என்று மாமா அடக்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து கதவைத் தூக்கினால் என்ன என்றார் அப்பா.

“கை நழுவிச்சுன்னா கதவு காரு மேல உக்காந்துரும். மொதலாளிக்கு நீங்க பதில் சொல்லுவீயளா?”

அப்பா மறுபடி உட்கார்ந்தார். என் முகத்துப் பவுடரெல்லாம் வேர்வையில் வழிந்துவிட்டது. முதன்முதலாகக் காரில் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ரிப்பனை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி, அது கந்தலாகிவிட்டது.

ஒருவழியாகப் புதுக் கயிற்றை மாட்டினார். கதவு முழ உயரம் ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டது. மாமா அதை இறக்கிவிட்டு, நன்றாக இருந்த மறுபக்கத்துக் கயிற்றையும் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன்.

“அது நல்லாத்தானே இருக்கு மாமா?”

“ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா கதவு கோணிக்கிடும் தாயி. சோடியாத்தான் மாத்தணும்.”

“அப்பம் மொதல்லயே ரெண்டையும் மாத்தியிருக்கலாம்லா?”

மாமா இரும்பு எடையைக் கழற்றிக் கீழே வைத்தார். பட்டுச் சேலையில் இருந்த சித்தி மட்டும் கொஞ்சமும் பதறாமல் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆலையின் மத்தியானச் சங்கு ஊதியது. அப்பா உட்கார்ந்தவர்தான், எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா ஒற்றைக் கையால் கதவை மேலே தள்ளினார். அது சத்தமில்லாமல் ஏறியது. இனி அது ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன.

அப்பா வெகுகாலம் மாமாவோடு பேசவில்லை. ஈஸ்டர் வரை காத்திருக்க மரக்கடைக்காரருக்கு முடியவில்லை, சேத்தூரில் வேறு பெண் பார்த்துக்கொண்டார். சித்தி பாளையங்கோட்டைக்கு டீச்சர் டிரெயினிங் போனாள்.

கதவு ஏறிய அன்று சாயங்காலம் சித்தி அடுப்படியில் தனியாக நின்று அழுவதைப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. அவள் முந்தானையைப் பிடித்து, “அழாத சித்தி, இன்னொரு நாளைக்கு மாமா நம்மளக் காருல கூட்டிட்டுப் போவாவ” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். என்னை இறுக அணைத்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக வெகுநேரம் நின்றாள். இவ்வளவு பெரியவளுக்கும் கார் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.