வெற்றிடம் என்று நான் எழுதிய இஸ்தோப்பு

பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தபோது, குடியிருப்பு ஆய்வுக்காக மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தை அளந்தேன். எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். ஒற்றையறைக் காம்பராக்களுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்பு காலியாகக் கிடந்தது. வரைபடத்தில் அந்தத் தாழ்வாரத்தை ‘வெற்றிடம்’ என்று குறித்தேன். நிதிப் பாடத்தில் கற்ற சாமர்த்தியத்தில், அதைச் சுவர் வைத்து அடைத்தால் குறைந்த செலவில் இன்னும் சில குடும்பங்களைக் குடிவைக்கலாம் என்றும் எழுதித் தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் கொடுத்தேன்.

மறுவருடம் போனபோது சுவர் எழும்பியிருந்தது. என் யோசனைதான் என்று அங்கிருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்.

“ராத்திரியில வந்து பாத்தீங்களா தம்பி? எங்க மாமனாரும் புள்ளைகளும் அங்கதான் பாய் போட்டுப் படுத்தாங்க.”

“இப்ப எங்க படுக்கிறாங்க?”

“மாட்டுப்பட்டியில.”

அந்த ஆய்வுக்குத்தான், அளவுகளில் ஓர் அங்குலம்கூடப் பிழையில்லை என்று எனக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். ஆளில்லாத நேரத்தில் அளந்தவனுக்கு அளவு ஏன் பிழைக்கப் போகிறது?