தண்ணீர் மேல் தப்பில்லை

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் மீன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விற்பவள் அல்ல, வளர்ப்பவள். சுண்டுவிரல் நீள வரிமீன்கள் நீந்தும் தொட்டிகள் அடுக்கிய அந்த அறை அவளுடைய ராஜ்ஜியம். ஒரு குஞ்சு வாடினாலும் தண்ணீரைத்தான் சந்தேகிப்பாள். தண்ணீர் அவள் பொறுப்பு என்பதால், அது தன்னையே சந்தேகிப்பதுதான்.

அந்தக் குணம் குடும்பத்துக்கே உண்டு. தங்கை சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். அவள் பையன் கை குட்டையாய், சில விரல்கள் இல்லாமல் பிறந்தான். அக்காவும் கூடப் போயிருந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்து, டிஎன்ஏ நூலை மடித்து வைக்கும் புரதம் ஒன்றில் கோளாறு என்றார். தங்கை காதில் 'கோளாறு' மட்டும்தான் விழுந்தது. மாசமாக இருந்தபோது இஸ்திரி ஆவியில் நின்றதுதான் காரணம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். பையன் என்ன சேட்டை செய்தாலும் ஒரு அதட்டல் கிடையாது. திட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்பாள். அக்காவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

இதற்கிடையில் மூலைத் தொட்டியில் வேறு தலைவலி. ஒரு ஜோடியின் குஞ்சுகளில் சில, துடுப்பு சூம்பி வந்தன. அவள் வடிகட்டியைக் கழுவினாள், தண்ணீரை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை. மானம் போகிறதே என்று அந்தக் குஞ்சுகளைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிட்டாள்.

ஒருநாள் ஆராய்ச்சி செய்யும் மேடம் தொட்டியை எட்டிப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"துடுப்பு சின்னதா ஒரு குஞ்சுகூட வரலையே? அதுக்காகத்தானே இந்த ஜோடியைச் சேர்த்தோம்."

மீன்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான்தான் மேடம் எடுத்துட்டேன். தண்ணி சரியில்லையோன்னு..."

மேடம் நன்றாகவே திட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதே தண்ணியிலதானே மத்த குஞ்சும் இருக்கு? தண்ணி என்ன பண்ணும்? இதுங்களுக்கு டிஎன்ஏ நூலை மடிக்கிற புரதம் சரியா அமையல."

அவள் கையிலிருந்த வலை நழுவியது. "மீனுக்குமா அது இருக்கு?"

"மீன், எலி, நாம, எல்லாருக்கும். பக்கத்து ரூம்ல வளர்க்கிற ஈக்குக்கூட. அது குறைஞ்சா ஈயோட இறக்கை ஓரம் கடிச்ச மாதிரி ஆயிடும்."

"ஈக்குக் கையும் இல்ல, துடுப்பும் இல்ல. அங்க அதுக்கு என்ன வேலை?" விடுகிற ஆளா அவள்.

மேடம் தண்ணீர்க் குழாயை எடுத்து வளைத்து, இரண்டு முனைகளையும் ஒட்டிக் காட்டினார். "பக்கத்து செல்லு 'இங்க வளரு'ன்னு சேதி அனுப்பும். அதை வாங்கிக்கிற இடம் நூல்ல இந்தக் கோடி. வேலை செய்யற மரபணு அந்தக் கோடி. மடிச்சாத்தான் ரெண்டும் கிட்ட வரும். இல்லேன்னா சேதி வந்தும் வேலை அரைகுறைதான். இறக்கையோ துடுப்போ கையோ, கதை ஒண்ணுதான்."

"என் தங்கச்சி பையனுக்கும் இதே புரதம்தான் மேடம். மாசமா இருக்கும்போது ஆவியில நின்னா இப்படி ஆகுமா?"

மேடம் குழாயைக் கீழே வைத்தார். "ஆகாதும்மா. அது பெரும்பாலும் தானா வர்ற மாத்தம். அவங்க டாக்டரும் இதையேதான் சொல்வார், வேணும்னா கேளுங்க."

அன்று சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். பையனை மடியில் வைத்திருந்த தங்கையிடம் மீன், ஈ, குழாய் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா அக்கா?"

"நீ ஒண்ணும் பண்ணலடி. நானும் உன்ன மாதிரிதான், நல்ல தண்ணியப் போய் மாத்தி மாத்தி ஊத்திக்கிட்டு இருந்தேன்."

தங்கை அழுதாள். வெகுநேரம் அழுதாள். பையன் சும்மா இருப்பானா? குட்டைக் கையை அவள் தோட்டில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான்.

"விடுடா போக்கிரி, காது அறுந்துடும்," என்று அதட்டினாள் தங்கை.