தரையில் வைத்த மீன்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. "இந்தா" என்றால் வரும். பதின்மூன்று வருஷம் அப்படித்தான் வந்தது. போன மழைக்காலத்தில் செத்துப்போனது. இப்போதும் மீன் அரியும்போது என்னையறியாமல் ஒரு துண்டைத் தரையில் வைத்துவிடுகிறேன். காக்கை வந்து தூக்கிக்கொண்டு போகிறது.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷம், கரையில் குவித்துவைத்த வலையை எடுக்கப்போன வீட்டுக்காரர் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த குட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விடியுமுன் கடலுக்குப் போகிறவர், வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார். அதுவரை புது வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அந்தக் குட்டிதான். அதன் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம்.

ஆனால் கடிக்கும். பல் ஒவ்வொன்றும் ஊசி. வீட்டுக்காரரை அவ்வளவாகச் சீண்டாது. என்னையும் அண்ணியையும்தான் பதம் பார்க்கும். அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடு. ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுவருவார். அவர் வாய்க்குக் குப்பமே ஒதுங்கி நிற்கும்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, குட்டி அண்ணியின் கட்டைவிரலில் ரத்தம் வரக் கடித்துவிட்டது.

"கொயந்த வரப்போற வூட்ல கடிக்கிற நாய் இன்னாத்துக்குமே? புள்ள வூட்டுக்கு வர்றதுக்குள்ள இது கடிக்கறத வுடணும். வுடல, கூடையில போட்டுகினு போயி திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டு வந்துடுவேன்" என்றார்.

அண்ணி சொன்னால் செய்துவிடுவார்.

ஒருமுறை அடித்துப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்து இன்னும் கெட்டியாகப் பிடித்தது. மறுபடி அடிக்க மனசு வரவில்லை. பிறகு ஒரு நாள், கவிழ்த்துவைத்த படகோரத்தில் வேறு இரண்டு குட்டிகள் புரண்டுகொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒன்று அழுத்திக் கடித்ததும் மற்றது வீலென்று கத்திவிட்டு, தள்ளிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கடித்தது தனியாக நின்று திருதிருவென விழித்தது. அதையே நானும் செய்தேன். பல் பட்டதும் வீலென்று கத்துவேன். எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைத்தாய்ச்சி இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்த வீட்டுக்காரர், தன் அக்காவோடு சண்டை வந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

அண்ணியையும் அப்படிக் கத்தச் சொன்னேன். மூன்று தெரு கேட்க மீன் கூவுகிற தொண்டை அது. குட்டி ஓடிப்போய்ப் படகுக்கடியில் புகுந்துகொண்டு அரை நாள் வெளியே வரவில்லை.

"நீதானேமே கத்தச் சொன்ன?" என்றார் அண்ணி.

இதற்கு நடுவில் நான் ஒரு பெரிய தப்பு செய்துகொண்டிருந்தேன். கடியை விட்டதும், நல்ல பிள்ளை என்று ஒரு நெத்திலியை விரலால் ஊட்டிவிடுவேன். பத்து நாளில் கடி கூடியதே தவிரக் குறையவில்லை. லேசாகக் கடிக்கும், உடனே விடும், வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வலை பின்னியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"நீ எங்க அதப் பழக்குற? அது உன்ன பழக்கிகினு கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போதாததற்கு, என்னுடையது நாள் முழுக்க மீன் அரிகிற கை. குட்டிக்கு என் கையே மீன்தான். அண்ணி கையும் அப்படித்தான். வீட்டுக்காரர் கையில் படகு இன்ஜினின் டீசல் நாற்றம். அதனால் அவர் பிழைத்தார். அன்றிலிருந்து கையைப் புளி கரைத்துத் தேய்த்துக் கழுவாமல் அதைத் தொடுவதில்லை. மீனைக் கையால் ஊட்டுவதே இல்லை. கையை நீட்டுவேன், கடிக்காமல் ஒதுங்கி நின்றால் மட்டும் தரையில் ஒரு நெத்திலி. புளித்தண்ணீரில் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயின.

குட்டி பாதிதான் பழகியிருந்தது. அதற்குள் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. புளிக் கணக்கையும் தரைக் கணக்கையும் அண்ணியிடம் ஒருமுறைக்கு நாலுமுறை சொன்னேன்.

"எனக்கு வேற வேலையே இல்லியா?" என்றார் அண்ணி.

வண்டியில் ஏறியபோது அழுதேன். அம்மா வீட்டைப் பார்க்கிற சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அங்கே போய், போன் பண்ணும்போதெல்லாம் "குட்டி வூட்ல கீதா?" என்று கேட்பேன். "கீது, கீது" என்பார் வீட்டுக்காரர். பிள்ளைத்தாய்ச்சி மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

மகளுக்கு மூன்று மாதம் முடிந்து திரும்பி வந்தேன். வாசலில் அது நின்றது. இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. மகளின் கை துணிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எடுத்துவிட எனக்குக் கை ஒழியவில்லை. அது கிட்டே வந்து பிஞ்சு விரலை மோந்தது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தது. அண்ணி ஒரு நெத்திலியைத் தரையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அவர் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. புளிவாசம் அடித்தது.

அதற்குப் பிறகு திருப்போரூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மகள் அதன் மேல் சாய்ந்துதான் நிற்கப் பழகினாள். அவள் விரலை அதன் வாய்க்குள் விட்டாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். இப்போது அவள் எட்டாம் வகுப்பு.

கடைசி நாட்களில் அதற்குப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை. அண்ணி சங்கரா மீனை வேகவைத்து, முள் பார்த்து எடுத்துப் பிசைந்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் நுனியில் எடுத்து வாயருகே நீட்டினார்.

"கையில குடுக்கக் கூடாதே அண்ணி" என்றேன்.

"பல்லே இல்ல. இன்னும் இன்னா சட்டம்? கடிச்சா கடிச்சிட்டுப் போவட்டும். வாங்கிக்க, இந்தா" என்றார்.

அது மெல்ல மோந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையைப் பார்த்தது.

அண்ணி அப்படியே கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் மீனைத் தரையில் வைத்தார். அது நக்கித் தின்ன ஆரம்பித்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.