உலகத்தை அழிக்க வந்த குரல்

எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தவர் நடுவில் எழுந்து போக முடியாது. தோளில் பொன்னாடையும் கிடந்தால் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் என்னை அப்படித்தான் உட்கார வைத்தார்கள். ஜன்னல்களுக்குத் திரை போட்டுக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு கார்ட்டூன் ஒன்றில் ரோபோவுக்குக் குரல் கொடுத்தேன். பூமியை அழிக்க வரும் ரோபோ அது. வந்த இடத்தில் வாடகை வீட்டில் தங்கிவிடும். தினமும் ஏதாவது ஒரு தொல்லையில் அழிக்கிற வேலை தள்ளிப்போகும். முதல் நாள், வேடிக்கை பார்க்கும் ஜனக்கூட்டத்திடம் ரோபோ, விலகுங்கடா என்று கத்த வேண்டும். முன்பின் தெரியாதவர்களை 'டா' போட்டுப் பேசும் நாக்கு எனக்கு இல்லை. நான் கோயமுத்தூர்க்காரி. "ஏனுங்க, கொஞ்சம் நகந்துக்குங்க, உலகத்த அழிக்கோணும்" என்று வாயில் வந்துவிட்டது. டைரக்டர் நாற்காலியிலிருந்து விழாத குறை. அதையே வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள்.

பிறகு தொடர் நின்றுபோனது. நானும் ஊர் திரும்பினேன். கல்யாணம், குழந்தைகள், தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் என்று காலம் ஓடியது. இப்போது அந்தத் தொடருக்கு மறுபடி உயிர் கொடுத்து, அதே டைரக்டர் அதே ரோபோவுக்கு என்னையே கூப்பிட்டார். பீளமேட்டில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறைக்குள் நின்று பேசினேன். உள்ளே மின்விசிறி போட முடியாது, சத்தம் வரும். வேர்த்துக் கொட்ட, என் பழைய குரலைப் போலவே பேசப் பார்த்தேன்.

வெளிவந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைக் காட்டினார்கள். புதைத்ததை ஏன் தோண்டினார்கள் என்று சில ஆங்கில விமர்சகர்கள் கேட்டார்கள். சிரிப்பு குறைந்தாலும் நெகிழ்ச்சி கூடியிருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். தமிழ்க் குரலைப் பற்றி அவர்கள் யாருக்கும் கவலையில்லை. நம் ரசிகர்களுக்கோ அது ஒன்றுதான் கவலை. ரோபோவுக்கு ஆளை மாற்றிவிட்டார்கள், பழைய ஆளைக் கூப்பிடுங்கள் என்று கமெண்ட் பகுதி முழுக்கப் புலம்பல். 'அது நான்தான்' என்று எத்தனையோ தடவை டைப் செய்து அழித்தேன். சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா?

அடுத்த சீசனுக்குப் பேசுகிறேனா இல்லையா என்று மறுநாள் காலை டைரக்டருக்குச் சொல்லியாக வேண்டும். என் குரல் போய்விட்டதா, இருக்கிறதா? யாராவது என் முகத்துக்கு நேரே ஓர் உண்மை சொன்னால் போதும் என்றிருந்தது. வீட்டில் கேட்டால், சூப்பர் என்கிறார்கள். அதனால்தான் பங்கு இளைஞர் குழு புதுத் தொடரை மண்டபத்தில் திரையிடுகிறோம் என்றதும் ஒத்துக்கொண்டேன். முந்நூறு பேர் சிரிக்கிறார்களா இல்லையா என்று காதே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

பாவிகள், பொன்னாடையை முதலில் போர்த்திவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு மரியாதை செய்துவிட்டால் அப்புறம் அவரைப் பற்றிக் குறை வாயில் வராது. படம் ஓடியது. ரோபோ வாயைத் திறந்தபோதெல்லாம் மண்டபம் கை தட்டியது. ரோபோ அழுத இடத்திலும் தட்டியது. திரும்பிப் பார்த்தால் எல்லா முகங்களும் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜரிகை கழுத்தை அறுத்தது, கழற்றவும் முடியவில்லை.

கடைசியில் மைக்கை நீட்டினார்கள். அந்த வசனம் வேண்டுமாம். சொன்னேன். முடிக்கும் முன்பே கைதட்டல்.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருப்பவராம். மகள் வீட்டுக்கு விருந்தாட வந்திருந்தார்.

"மனசு உட்டுறாதீங்க அம்மணி. அந்தப் பழைய புள்ளயாட்டமே பேசோணும்னு பாடுபடறீங்க. பாதி வந்துபோட்டுதுங்க."

புதிதாக வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் இந்த அம்மாவும் கை தட்ட ஆரம்பித்துவிடுவார்.

"அந்தப் புள்ள நல்லாப் பேசுமுங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாவா? எங்கூட்டுக்காரரு சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. அது பேசறப்ப மட்டும் மண்டியில உக்காந்து கண்ணுல தண்ணி வரச் சிரிப்பாரு. அவரு போனதுக்கப்புறம் நான் இதப் பாக்கறதே இல்லீங்க. இன்னைக்கு அந்தக் கொரலு கேக்கும்னு வந்தேன்."

அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியாதுங்க என்றேன். அது பொய்யில்லை.

விளக்குப் போட்டதும் எல்லோரும் பிரியாணிக்காகக் கதவடியில் முண்டியடித்தார்கள். ஓரமாக நின்று டைரக்டரை அழைத்தேன். காலை வரை பொறுக்க முடியவில்லை.

"ஆளை மாத்திட்டீங்கன்னு ஊரே சொல்லுதுங்க சார். அப்ப நெசமாவே மாத்திருங்க."

அவர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையை மடித்துக் கைப்பையில் திணித்தேன். கதவருகே ஒரே முதுகுகள். எனக்கு வெளியே போயாக வேண்டும்.

"ஏனுங்க, கொஞ்சம் நகந்துக்குங்க" என்றேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழி விட்டார்கள்.